பழைய எர்டிகா தேடுபவர்களுக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நம் ஊர்க் குடும்பங்கள் சில பழைய மாருதி எர்டிகா தேடிக்கொண்டிருக்கின்றன. ஏழு பேர் உட்காரலாம், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். நல்ல தேர்வுதான். ஆனால் கிலோமீட்டரையும் பெயிண்டையும் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 23 மழை ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு நாளுக்குள் சுமார் 250 மி.மீ. கொட்டி, தெருவில் நின்ற கார்கள் எத்தனையோ மூழ்கின. கழுவித் துடைத்தால் அவையும் பளபளவென்றுதான் இருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். சீட் நகரும் இரும்புச் சட்டம், கார்ப்பெட்டின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். வண்டலும் துருவும் அங்கேதான் தங்கும். என்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஈரம் ஏறிய வயரிங் பல மாதம் கழித்தும் தொல்லை தரலாம். அது ஏர்பேக் வயரிங்காக இருந்துவிட்டால்? பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.