ஜீனோவும் எங்க ஆயாவும்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ பற்றி எழுதச் சொன்னார் எங்கள் தமிழ் டீச்சர். நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பிடித்த புத்தகம் எழுத்தாளர் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’. இதை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை ஏழாம் வகுப்பில், இரண்டாம் தடவை போன மாதம். புத்தகம் அதேதான். ஆனால் எனக்கு வேற புத்தகம் படிச்ச மாதிரி இருந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கதை நடப்பது 2021-ஆம் வருஷத்தை ஒட்டி. ஆனால் எழுதியது 1980-களில். ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. அந்தக் காலத்தில் 2021 என்றால் ரொம்ப தூரத்து எதிர்காலம். நமக்கு அது முடிந்துபோன வருஷம். (நிஜமான 2021-இல் நாம் கொரோனாவால் வீட்டில் அடைந்து கிடந்தோம். நம்ம மாதிரி சின்ன வகுப்புகளுக்கு நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளிக்கூடம் திறந்தாங்க.)

கதையில் இந்தியாவை ஜீவா என்று ஒருவர் ஆளுகிறார். எல்லாரும் அவரைப் புகழணும். யாருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, எல்லாமே இரண்டு எழுத்துதான். எண்ணிப் பாருங்கள். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்கணும். வயசானவங்களை ஒரு வயசுக்கு மேல் உயிரோடு விட மாட்டாங்க. நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி ஒரு நாயோடு வருகிறான். அதுதான் ஜீனோ. அது நிஜ நாய் இல்லை, இயந்திர நாய். பேசும், கிண்டல் பண்ணும், புத்தகம் படிக்கும். படிக்கப் படிக்க அதுக்கு சொந்தமா யோசிக்கத் தெரிஞ்சிடும். மீதியைச் சொல்ல மாட்டேன்.

ஏழாம் வகுப்பில் எனக்கு ஜீனோ மட்டும்தான் பிடித்தது. மற்ற பக்கங்களை ஓட்டி ஓட்டிப் படித்தேன்.

அந்த வருஷம்தான் எங்க ஆயா எங்க வீட்டுக்கு வந்தாங்க. தாத்தா இறந்த பிறகு தனியா இருக்க வேணாம்னு அப்பா கூட்டி வந்தார். எங்க வீட்டில் இருப்பது ஒரே அறை. அம்மா ஷூ கம்பெனியிலிருந்து வேன் ஏறி வீட்டுக்கு வர ராத்திரி ஆகிடும். ஆயா இருமிக்கொண்டே இருப்பாங்க. எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. கோபத்தில், “கதையில வர்ற மாதிரி ஒரு வயசு வச்சு எல்லாரையும் அனுப்பிட்டா நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். ஆயா சிரித்தாங்க. “எங்க கண்ணு அனுப்புவ?” என்று கேட்டாங்க. அப்புறம் எழுந்து போய் வெளித் திண்ணையில் படுத்துக்கிட்டாங்க. நான் பரீட்சையில் 71 மார்க் வாங்கினேன். அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

போன மாதம் ஆயாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். மெஷினில் விரலை வைக்கச் சொன்னாங்க. ஆயாவுக்கு ரேகை விழவில்லை. கட்டை விரல் வைத்தாங்க, விழவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாங்க. பின்னாடி வரிசையில் இருந்த ஒருத்தர், “நீ தள்ளிக்கோ ஆயா, நேரமாவுது” என்றார். ஆயா அந்த வயர்கூடையைப் பிடிச்சிக்கிட்டு ஒதுங்கி நின்றாங்க, தப்பு பண்ணின மாதிரி. அப்புறம் எல்லாரும் போன பிறகு நாலாவது தடவையில்தான் மெஷின் ஒத்துக்கொண்டது.

வரும்போது கேட்டேன், “ஆயா, உனக்கு ஏன் ரேகை இல்ல?” ஆயா சொன்னாங்க, “டேனரியில இருபது வருசம் சுண்ணாம்புத் தோலைப் பெரட்டுன கை மே. இன்னா ரேகை நிக்கும்?” எவ்வளவு சாதாரணமா சொன்னாங்க தெரியுமா! நம்ம பக்கத்துல செய்யுற ஷூ எந்தெந்த நாட்டுக்கோ போகுது. அதுக்கு எங்க ஆயா ரேகையைக் கொடுத்திருக்காங்க. மெஷினுக்கு அது தெரியலை.

அன்றைக்குச் சாயங்காலமே டீச்சரிடம் மறுபடியும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை வேகமாகப் படிக்கவில்லை. வயசானவங்களைப் பற்றி வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த நாட்டு மக்கள் கெட்டவங்க இல்லை. எல்லாம் சரியாத்தான் நடக்குதுன்னு நம்புறவங்க. நிலாவும் முதலில் அப்படித்தான். நானும் அன்றைக்கு அப்படித்தான் பேசினேன். ஜீவாவின் சட்டம் என் வாயிலிருந்தே வந்தது.

சுஜாதா என்றால் பெண் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை! அவர் பெயர் ரங்கராஜன். மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியர். ஓட்டுப் போடும் மெஷின் உருவான வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. 2008-இல் காலமானார். மெஷின் செய்யத் தெரிந்தவரே மெஷினைப் பற்றி நம்மை யோசிக்கச் சொல்கிறார். அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம்.

உலகம் முழுக்க இந்த மாதிரிக் கதைகள் இருப்பதாக டீச்சர் சொன்னார். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலின் பெயரே ஒரு வருஷம்தான், ‘1984’. அமெரிக்காவில் லோயிஸ் லோரி 1993-இல் நம்ம வயசுப் பிள்ளைகளுக்காக ‘தி கிவர்’ எழுதினார். அதிலும் வயசானவங்களை ‘விடுவிக்கிறோம்’ என்று அழகாகச் சொல்லி அனுப்பிவிடுவார்களாம். எதிர்காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல இந்தக் கதைகளை எழுதவில்லை, எப்படி ஆகிவிடக் கூடாது என்று சொல்லத்தான் எழுதினார்கள் என்று டீச்சர் விளக்கினார்.

இப்போது தினமும் ராத்திரி ஆயாவுக்கு நான்கைந்து பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். இரண்டெழுத்துப் பெயர் என்றதும் ஆயா சண்டைக்கு வந்துட்டாங்க. “என் பேரு அம்மன் பேரு. அத வெட்ட அவன் யாரு?” என்றாங்க. ஜீனோ வரும்போது மட்டும் இருமலை அடக்கிக்கிட்டுக் கேட்கிறாங்க. அன்றைக்குச் சொன்னதுக்கு இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையை முதலில் ஆயாவிடம்தான் படித்துக் காட்டப் போகிறேன்.

தோழர்களே, தோழிகளே! இந்தப் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். ஒரு தடவை ஜீனோவுக்காக, இன்னொரு தடவை நிலாவுக்காக. தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’ என்ற புத்தகமும் இருக்கிறது. புத்தகம் டீச்சரின் பீரோவில்தான் இருக்கும். ஆனால் இந்த வாரம் கேட்காதீர்கள். ஆயாவுக்கு இன்னும் கதை முடியவில்லை.

என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி