கரி படிந்த இடம்



தமிழாசிரியன் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என நீங்கள் வியக்கக்கூடும். நான் எழுத விழைவது சுடுவதைப் பற்றியன்று; இரும்பும் மரமும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பற்றி.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களைக் காக்க அந்நாளில் சேர்க்கப்பட்ட சிறப்புக் காவலர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். துப்பாக்கியைத் திரும்ப ஒப்படைத்த பின்னர் அவர் தோட்டத்துத் தச்சரானார்.

கோடரிக்குக் காம்பு போடுகையில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையை இரும்பில் படியவிட்டு, மரத்தில் செருகி எடுப்பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் மெல்லச் சீவுவார். மீண்டும் செருகுவார், மீண்டும் சீவுவார். நான் பொறுமையிழந்து, "ஓங்கி அடித்தால் இறங்கிவிடாதா?" எனக் கேட்டால், "எறங்கும். அப்புறம் மரம் பொளக்கும். அளவு பார்க்காம சீவுனா அதுவும் தப்பு, சீவுன மரம் திரும்ப ஒட்டாதுடா" என்பார்.

அந்தச் சொல் அண்மையில் மீண்டும் நினைவுக்கு வந்தது. ஈப்போவில் நண்பர் ஒருவர் காவல்துறை உரிமத்துடன் குறிசுடும் விளையாட்டில் ஈடுபட்டு வருகிறார். அவரிடம் பழைய பாயிண்ட் டூ டூ துப்பாக்கி ஒன்று உண்டு. ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடித்து வெடிக்கச் செய்யும் வகை அது. பின்னுதைப்பு மிகக் குறைவாதலால் கட்டைக்குச் சேதம் நேர்வது அரிது. ஆயினும் பொருத்தம் கெட்டால் குறி சிதறும். ஆண்டிறுதி மழைக்காலத்தில் அவருக்கு அதுவே நேர்ந்தது.

குழலும் வெடிபொறியும் சேர்ந்த இரும்புப் பகுதியை, கட்டையில் குடைந்த பள்ளத்தில் இருத்தி, அடியிலிருந்து திருகாணியால் பிணைக்கின்றனர். ஈரக்காற்றில் மரம் நார்ப்போக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில் உப்பும். உப்பிய கட்டை குழலை ஒருபுறம் தள்ளும். சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் அவ்வதிர்வு ஒரே விதமாக அமைந்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேரும்.

"திருகாணியை இன்னும் நன்றாக முடுக்கிவிடுங்கள்" என்றேன் நான்.

நண்பர் சிரித்தார். "அதுதான் சார் நோயே! பள்ளம் மேடும் பள்ளமுமாக இருக்கும்போது முடுக்கினால் இரும்பே வளைந்துவிடும்."

தோட்டா ஏதுமில்லை என உறுதி செய்து, இரும்பைக் கழற்றி, கரி பூசி, பள்ளத்தில் வைத்து எடுத்தார். இரண்டே இடங்களில் கரி ஒட்டியிருந்தது. அவ்விரண்டும் சுமையனைத்தையும் தாங்கியிருந்தன. அவற்றைச் சீவினார். திருகாணியைச் சுற்றிப் பிசினிட்டு இரும்பு சீராக அமரச் செய்தார். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் தடையின்றிச் செல்லும் அளவுக்கு இடைவெளி விட்டார். வேலை முடிந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செம்பனைக்கு மாறிய தோட்டமொன்றிலிருந்து நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன் ஒருவன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருந்தான். வீட்டுப்பாடம் செய்ய மாட்டான். நான் கண்டித்தேன், கூடுதல் பயிற்சி கொடுத்தேன், வகுப்பின் முன் நிறுத்தினேன். முடுக்கினேன், மேலும் முடுக்கினேன். அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தாயாருடன் நாசி லெமாக் பொட்டலம் கட்டிவிட்டுத்தான் இத்தனை நாளும் அவன் வகுப்புக்கு வந்திருக்கிறான். கரி படிந்த இடம் அதுதான். நான் ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை.

வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே, மதிய வேளையில், என்னருகில் அமர்ந்து செய்யலாம் என்றேன். இப்போது வருகிறான். பெரியப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: ஐயா, இம்முறை ஓங்கி அடிக்கவில்லை.