மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு

போடிநாயக்கனூரில் சைக்கிளை இறக்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மறுநாள் விடிகாலையே போடிமெட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 85, முந்தல் சோதனைச்சாவடி, 17 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் கேரள எல்லை. அங்கே ஒரு டீ, ஒரு படம், பிறகு இறக்கம். நல்ல ஏற்றம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த மலையைச் சைக்கிளில் இருந்தபடி முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே அதில் ஏறிவிடக் கூடாது. போடியிலிருந்து தெற்கே சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரத்துக்குப் போகும் சாலையைப் பிடித்து, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்ட வேண்டும்.

பார்வைக்குச் சமவெளி மாதிரித் தெரியும் சாலை அது. மிதிக்க ஆரம்பித்தால்தான் சங்கதி தெரியும். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு சின்ன இறக்கம், ஒரு சின்ன ஏற்றம். இரண்டு பக்கமும் சோளம், கடலை, தென்னை, மா, நடுநடுவே இலவம். மாசி, பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு ரோட்டோரம் உருண்டு கிடக்கும். போடிக்கு ஏலக்காயால் கிடைத்த பேர்தான் பெரிது என்றாலும், தமிழ்நாட்டு வீடுகளின் மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு கொடுத்த ஊர்களில் ஒன்று அது.

வலப்பக்கம் முழுக்க மலை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மேகம் உச்சி வரைக்கும் வந்து நின்றுவிடும், இறங்காது. மழையெல்லாம் அந்தப் பக்கம் இடுக்கியில் கொட்டித் தீர்ந்துபோகும். இந்தப் பக்கத்துக்கு வருவது காற்று மட்டும்தான். அந்த மழையால்தான் மேலே ஏலம் விளைகிறது. அது இல்லாததால்தான் கீழே கிணற்று நீரை எண்ணி எண்ணி இறைக்கிறார்கள். ஒரே மலையின் இரண்டு பக்கமும் இப்படி வேறு வேறு உலகமாக இருப்பதை ஜீப்பில் ஏறி ஒரு மணி நேரத்தில் கடந்துபோகிறவரால் உணர முடியாது.

ராசிங்காபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “எங்கிட்டுப் போறீக தம்பி?”

“பொட்டிபுரம் போய்ட்டுத் தேவாரம் போறேங்கய்யா.”

“பொட்டிபுரத்துல என்ன சோலி? அந்த நியூட்ரினோக்காரகளா?”

இல்லையென்று சொன்னதும் முகம் தளர்ந்தது. டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பொட்டிபுரத்துக்கு மேற்கே நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, உள்ளே 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைக் கவனிப்பது திட்டம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். வெடிவைத்தால் பாறையும் ஊற்றும் என்ன ஆகும், மேய்ச்சல் நிலம் மிஞ்சுமா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அருகே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து பெரியாறு வரை புலிகள் போய்வரும் வழியும் இந்த மலைத்தொடர்தான். பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018இல் மறுபடி அனுமதி கிடைத்தது, 2022இல் இந்தத் திட்டம் இங்கே வேண்டாம் என்று தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

அந்த மலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். விஞ்ஞானிகள் ஏன் இந்த மலையைத் தேடி வந்தார்கள் என்பது அங்கே நின்றால் எளிதாக விளங்கும். விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் துகள்கள் கருவியை வந்து முட்டிக்கொண்டே இருந்தால் நியூட்ரினோ விட்டுப்போகும் மெல்லிய தடயம் அந்த இரைச்சலில் மறைந்துவிடும். மேலேயும் பக்கங்களிலும் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குக் கெட்டிப்பாறை வேண்டும். அம்பரப்பர் மலை விரிசல் குறைந்த ஒரே கல். அவர்கள் தேடியதும் அமைதியைத்தான். அறிவியலின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த ஆய்வு இந்தியாவில் நடக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் ஓர் அமைதியைப் பெற இன்னோர் அமைதியைக் கொடுக்க வேண்டியிருந்தால், கொடுக்கப்போகும் ஊர்க்காரர்களிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். பேச்சு தாமதமாக வந்தது, அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா, “மல அங்கனயேதான இருக்கும், எங்க போயிரப்போவுது?” என்று சொல்லிவிட்டு நடந்தார். அதை ஆறுதலாகச் சொன்னாரா கேள்வியாகக் கேட்டாரா, தெரியவில்லை.

பிரான்சின் மலைநாட்டுக் கிராமங்களில் சைக்கிள் ஓட்டியவர்களைக் கேட்டால் இந்தத் தேவாரம் சாலை மாதிரிச் சாலைகளைத்தான் கதை கதையாகச் சொல்வார்கள். மத்திய மலைத்தொகுதியிலும் செவென் மலைகளிலும் ஊருக்கு ஊர் போகும் குறுஞ்சாலைகள். மிஷ்லின் வரைபடத்தில் அவை மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஓடும். பார்க்க அழகான சாலை என்றால் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடும் சேரும். சைக்கிள்காரர்களுக்காக யாரும் போட்ட சாலைகள் அல்ல அவை. மாட்டுக்கும் வண்டிக்கும் போட்டவை. வரைபடத்தில் பேர் வாங்கி, மக்களும் தேடிப் போனதால் நிலைத்தன. சிலமலையிலிருந்து தேவாரம் வரை நம்மிடம் இருப்பதும் அப்படிப்பட்ட சாலைதான். பச்சைக் கோடு மட்டும் யாரும் போடவில்லை.

அங்கே சைக்கிள் பயணத்துக்கு வழிகாட்டியவரின் பேர் போல் த விவி. பிறந்தது 1853இல். வெலோசியோ என்ற பேரில் எழுதியவர். சேந்த் எத்தியேன் நகரத்துக்காரர். ஊருக்கு மேலே 1,161 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய்க்குத் திரும்பத் திரும்ப ஏறி, மலைக்கு ஒரு கியர் போதாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். பந்தய உலகம் கேட்கவில்லை. கியர் மாற்றுவது பலவீனர் வேலை என்று நினைத்தார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டெரெய்லர் கியரை அனுமதித்தது 1937இல். அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

போடிமெட்டு ஏறும்போது அவரை நினைத்துக்கொள்வேன். நம் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிளில் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் போகும். தரையில் அது சரி, முந்தலுக்கு மேல் தள்ளித்தான் போக வேண்டும். முன்னே 30 பல், பின்னே 34 பல் உள்ள சக்கரம் இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுகூட முழுசாக ஓடாது. வேகம் நடைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், மூச்சு வாங்காது. போடியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறோம். ஐம்பது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் இதை ஏறலாம். வீரம் தேவையில்லை, பல்சக்கரம்தான் தேவை.

இன்னொன்றும் தேவை: நேரம் பார்த்துக் கிளம்புவது. விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்பட்டுவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தூக்குவாளியோடு. சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும், அப்போது எல்லாருக்கும் வீடு போகிற அவசரம். அந்த இரண்டு நேரத்திலும் வளைவுகள் அவர்களுடையவை. அவர்கள் எடுக்கும் காய்தான் மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து போடி ஏல மையத்துக்கு வருகிறது, இந்த ஊரையே நடத்துகிறது. காலை ஏழரைக்கு மேல் முந்தலைத் தாண்டினால் சாலை கொஞ்சம் மூச்சு விடும்.

ஆனாலும் எனக்கு நெருக்கமானது குரங்கணிச் சாலை. போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், கொட்டகுடி ஆற்றை ஒட்டியே போகும், குரங்கணியோடு முடிந்துவிடும். முட்டுச் சாலை என்பதால் வண்டிகள் குறைவு. ஒரு காலத்தில் இதுவே தேயிலைப் பாதை. மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்கு வந்தது. 1924 பெருவெள்ளம் மேலே இருந்த அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரை ரயில் வந்தது 1928இல். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை. இப்போதும் குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள ஊருக்குச் சென்ட்ரல் என்றுதான் பேர். கம்பிவழியின் நடு நிலையம் அங்கே இருந்தது.

குரங்கணிக்கு மேலே சைக்கிள் போகாது. வனத்துறை அனுமதியோடு நடந்துதான் போகலாம், அதிலும் கோடையில் கூடாது. 2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவில் புல் பற்றிய தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ ஓடும் வேகத்தை மனிதரால் முந்த முடியாது. நான் போனபோது ஆற்றங்கரையில் சந்தித்த வனக்காவலர் ஒருவர் எந்தப் பக்கம் தீ ஏறியது என்று கை நீட்டிக் காட்டிவிட்டு, அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு. உடும்பஞ்சோலைப் பக்கத் தோட்டங்களுக்கு இதுதான் குறுக்குவழி; கூலிக்குப் போகிறவர்கள் காலங்காலமாக நடந்து ஏறியிருக்கிறார்கள். அங்கே சாலை போடச் சொல்லித் தேவாரத்து மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். அமைதி விரும்பும் சைக்கிள்காரன் அதை எதிர்ப்பான் என்று நினைத்தால் தவறு. போடிமெட்டு சுற்றியோ கம்பம்மெட்டு சுற்றியோ தினமும் ஜீப்பில் நெருங்கிப் போகும் பெண்களின் நேரத்துக்கு முன்னால் என் அமைதி பெரிதில்லை. காட்டுக்குள் போகும் வழி என்பதால் எப்படிப் போடுவது என்று கவனமாக யோசிக்க வேண்டும், அவ்வளவே.

வர விரும்புகிறவர்களுக்கு: அகலப்பாதை ரயில் 2023 ஜூனிலிருந்து மறுபடி போடிக்கு ஓடுகிறது. மதுரையிலிருந்து தினமும், சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள். மார்கழி, தை நல்ல மாதங்கள். ஆனி, ஆடியில் மலைக்காற்று பக்கவாட்டில் தள்ளும். முதல் நாள் தேவாரம் வரை போய், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையத்தில் தங்குங்கள். இரண்டாம் நாள் ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துவிட்டுப் போடி திரும்புங்கள். மூன்றாம் நாள் குரங்கணி. போடிமெட்டு நான்காம் நாள் இருக்கட்டும். அதற்குள் கால் பழகியிருக்கும், மேலே நின்று கீழே பார்க்கும்போது எது சிலமலை, எது பொட்டிபுரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவும் தெரிந்திருக்கும்.