ஜீரண மாத்திரையும் நமது பேணுதலும்



வலீமா விருந்து முடிந்து கை கழுவியதும், சட்டைப் பையிலிருந்து ஒரு ஜீரண மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக் கொள்ளும் பெரியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே அவ்வாறு செய்பவராகவும் இருக்கலாம். ரமலான் இரவுகளில் வயிறு பொருமும்போது அலமாரியிலுள்ள ஜீரண டானிக்கை இரண்டு மூடி ஊற்றிக் குடிப்பதும் நம் இல்லங்களில் வழக்கமே. அந்த மருந்தில் என்ன இருக்கிறது, அது யாருக்குத் தேவை என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேளாமல் இருந்ததனால் என் தந்தையார் ஈராண்டுக் காலம் பட்ட துன்பத்தையே இங்கு உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

2015ஆம் ஆண்டில் அத்தாவுக்கு வயது அறுபத்தாறு. உணவு செரிக்கவில்லை, வயிறு உப்புகிறது என்று அடிக்கடி சொல்வார். நான் மருந்துக் கடைக்குச் சென்று ஒரு ஜீரண டானிக்கை வாங்கி வந்தேன். அது தீர்ந்ததும் மற்றொன்று. மருத்துவரைப் பார்க்கலாமே என்று அம்மா இருமுறை சொன்னார்கள். "வயதானால் செரிமானம் குறையத்தானே செய்யும்!" என்று அவர்களது வாயை அடைத்தவன் நானே. அத்தாவின் சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகிக் கொண்டிருந்ததை நான் கண்டும் காணாதிருந்தேன்.

2017ஆம் ஆண்டு ரமலானில், இருபதாம் நோன்பன்று, லுஹர் தொழுகைக்கு எழுந்த அத்தா தள்ளாடிச் சுவரைப் பிடித்துக் கொண்டார்கள். மதுரைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு அத்தா தலை குனிந்து விடையளித்தார்கள். பல மாதங்களாகவே மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதக்கிறதாம். எவ்வளவு நீர் ஊற்றினாலும் எளிதில் அகலுவதில்லையாம். வெட்கத்தினால் எங்களில் எவரிடமும் சொல்லவில்லை. அதுவே நோயின் தலையாய அடையாளம் என்றார் மருத்துவர். ஸ்கேன் படத்தில் கணையம் சுருங்கி, அதனுள் கற்கள் படிந்திருப்பது தெரிந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று அவர் வினவியபோது அத்தாவின் முகம் வாடிவிட்டது. அதைக் கண்ட மருத்துவர், குடியை அறியாதவர்களுக்கும் இந்நோய் வரும் என்றும், கேரளத்திலும் தமிழகத்திலும் அத்தகையோர் பலர் இருப்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே அறியும் என்றும் ஆறுதல் கூறினார்.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் அவசியமாகிறது. நாம் உண்ணும் சோற்றையும் கறியையும் நெய்யையும் உடல் ஏற்கும் வண்ணம் நுண்ணிய கூறுகளாக உடைப்பவை நொதிகள். மருந்துக் கடைகளில் இவற்றையே 'என்சைம்' என்கிறார்கள். உமிழ்நீரில் உள்ள நொதி மாவுப் பொருளை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பையின் பெப்சின் புரதத்தை உடைக்கிறது. ஆனால் பெரும்பணி கணையத்தினுடையதே. வயிற்றின் பின்புறம் கிடக்கும் அந்தச் சிறு உறுப்பு, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரைச் சுரந்து, மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் செரிக்க வைக்கிறது. இறைவன் அதில் வைத்திருக்கும் கையிருப்பு வியப்புக்குரியது. அதன் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பின்னரே கொழுப்பு செரியாமல் மலத்தில் வெளியேறத் தொடங்குகிறது. ஆகவே, வயது கூடிவிட்டது என்பதனால் மட்டும் ஒருவருக்கு நொதி மருந்து தேவைப்படுவதில்லை. அத்தாவின் நிலையோ வேறு. உண்டது உடலில் ஒட்டாமல், உணவு நிறைந்த வீட்டிலேயே அவர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

மருத்துவர் எழுதித் தந்த மருந்தின் பெயர் பான்கிரியாட்டின். அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "பன்றியின் கணையத்திலிருந்து" என்றார். அறைக்குள் சற்று நேரம் பேச்சே எழவில்லை. அத்தா மெல்ல எழுந்து, "வாப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள்.

வீட்டில் எவ்வளவோ மன்றாடினோம். "அறுபத்தெட்டு வருடம் பேணி வந்த வயிறு இது. கபுருக்குப் போகும் நேரத்தில் அதைக் கெடுத்துக் கொள்ள மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார்கள். வேறு வழியறியாது எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றேன். அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். இம்மருந்து இல்லாவிடில் என்னவாகும்? இதற்கு மாற்று உண்டா? இதைச் சொல்பவர் தம் துறையை நன்கறிந்த நம்பிக்கையான மருத்துவர்தானா?

மாற்று உண்டா என்பதை மருத்துவரிடமே மீண்டும் சென்று கேட்டேன். பப்பாளிப் பாலிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுக்கப்படும் நொதிகள் உண்டு. ஆனால் கணையம் இந்த அளவுக்குப் பழுதானவருக்கு அவை ஈடுசெய்யப் போதாது என்றார். அமெரிக்காவில் அரசின் ஒப்புதல் பெற்ற கணைய நொதி மாத்திரைகளும் பன்றியிலிருந்தே பெறப்படுகின்றன என்பதையும் தெரிந்து கொண்டேன்.

ஹஜ்ரத் தம் உஸ்தாதிடமும் கலந்து பேசி, மூன்றாம் நாள் எங்கள் இல்லத்திற்கே வந்தார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனத்தை எடுத்துரைத்து, விலக்கப்பட்டவற்றைச் சொன்ன அதே இடத்தில், வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்றும் அல்லாஹ் அறிவித்திருப்பதை விளக்கினார்கள். "பாய், விலக்கியவனும் அவன்தான். சலுகை தந்தவனும் அவன்தான். அவனுடைய சலுகையை வேண்டாம் என்று தள்ளுவது பேணுதலாகுமா? உடம்பும் அவன் தந்த அமானிதம் அல்லவா?" என்று கேட்டார்கள். அத்தாவின் கண்கள் கலங்கின. அன்றிரவு பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் மாத்திரையை விழுங்கினார்கள். நான்கு மாதங்களில் ஆறு கிலோ எடை கூடியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சகோதரர்களே, ஹஜ்ரத் விடைபெறும்போது, மேசை மீதிருந்த பழைய டானிக் புட்டியைக் காட்டி, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். அப்போதுதான் முதன்முறையாக அதன் சீட்டைப் படித்தேன். பூஞ்சை டயஸ்டேஸ், பெப்சின் என்றிருந்தது. முன்னதில் ஐயமில்லை. 1894இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது முதல், ஒருவகைப் பூஞ்சையிலிருந்தே அது தயாராகி வருகிறது. பெப்சினோ பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. எந்தத் தேவையும் இல்லாமல், எவரிடமும் கேளாமல், இரண்டாண்டுகள் அதை என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உயிருக்குத் தேவையான மருந்து வந்தபோதோ, ஹராம் என்று திகைத்து நின்றோம். நம் பேணுதல் எந்த இடத்தில் உறங்கி, எந்த இடத்தில் விழித்துக் கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இரண்டே. விருந்தில் அளவு மீறி உண்டதனால் வரும் வயிற்றுப் பொருமல் நிர்ப்பந்தம் ஆகாது. அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். பக்ரீத் கறி மெத்தென்று வேக நம் பெண்கள் பப்பாளிக்காயைச் சேர்க்கிறார்களே, அதில் உள்ளதும் நொதிதான். அந்தக் கைப்பக்குவத்துடன் அளவும் சேர்ந்தால் பெரும்பாலோருக்கு ஜீரண மாத்திரையே வேண்டியிராது. வாங்கத்தான் வேண்டும் என்றால், சீட்டைப் படித்து, மூலப்பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்று: காரணமின்றி எடை குறைந்தால், மலம் எண்ணெயாக மிதந்தால் அல்லது கறுத்துப் போனால், வயிற்று வலி முதுகுக்குப் பரவினால், டானிக்கைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணைய நொதி எழுதித் தந்தால், அதை உணவுக்குப் பின்னர் அல்ல, முதல் கவளத்துடன் உட்கொள்ள வேண்டும். மெல்லாமல் விழுங்க வேண்டும். பேணுதல் உறுத்தினால், மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாமல், மருத்துவரையும் ஆலிமையும் கலந்து கேளுங்கள்.

அத்தா மேலும் ஐந்தாண்டுகள் எங்களுடன் இருந்து, 2022இல் இதய நோயினால் இறையடி சேர்ந்தார்கள். கடைசி வரையில், மாத்திரையைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு வேளையும், "யா அல்லாஹ், உன் சலுகையைக் கொண்டுதான்" என்று முணுமுணுத்த பிறகே விழுங்குவார்கள்.

நம் வயிற்றையும் நாவையும் பேணும் அறிவையும், தேவையும் ஆசையும் பிரித்தறியும் தெளிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.