கழலாத சட்டை

பாம்பு சட்டை கழற்றுதல் தமிழ் வழக்கில் எளிமைக்கு ஓர் உவமை. உயிர் உடலை விட்டு நீங்குவதைச் சொல்ல வந்த சமய நூலாரும், பழமையைத் துறந்து புதுமை பூணுவதைப் பேச வந்த கவிஞரும் அதனை விரும்பிக் கையாண்டுள்ளனர். வேலியோரத்துக் கற்குவியலிலோ பனங்கூடலிலோ, தலை முதல் வால் வரை சிதையாது கிடக்கும் வெண்சட்டையைக் கண்டவர் எவருக்கும் அவ்வுவமை பொருத்தமானதாகவே தோன்றும். ஆயின் அப்பாம்பே மனிதனது வீட்டில், கண்ணாடிப் பெட்டியொன்றினுள் வாழ நேரும்போது உவமை சில வேளைகளிற் பொய்த்துவிடுகின்றது. சட்டை துண்டு துண்டாகக் கிழிகின்றது. கழுத்திலும் வாலிலும் வளையமாக இறுகி நிற்கின்றது. கண்ணின்மேற் படலமாகத் தங்கிவிடுகின்றது. மேனாடுகளிற் பாம்பு வளர்ப்போர் அடிக்கடி எதிர்நோக்கும் இடர்ப்பாடு இது. இதனைத் தீர்க்க முனையும் கை எங்கே செல்ல வேண்டும், எங்கே செல்லலாகாது என்பது சிந்தனைக்குரியது.

பாம்பின் மேற்றோலின் வெளிப்படை கெரற்றின் என்னும் புரதத்தாலான உயிரற்ற படை. பாம்பு வளர்ந்தாலும் அது வளர்வதில்லை. எனவே அதன் கீழே புதிய மேற்றோல் ஒன்று முழுமையாக உருவாகின்றது. சில நாள்களுக்குப் பழைய தோலும் புதிய தோலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இச்சுழற்சியின் படிநிலைகளை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு விளக்கியவர்களுள் மடர்சன் என்னும் விலங்கியலாளர் முக்கியமானவர். பாம்புகளைப் பற்றிய அவரது ஆய்வு 1965ஆம் ஆண்டு வெளியாயிற்று. புதிய தோல் முற்றியதும் இரு படைகளுக்குமிடையே நிணநீரை ஒத்த திரவம் ஊறுகின்றது. அதிலுள்ள நொதியங்கள் பிணைப்பைத் தளர்த்துகின்றன. அப்போதுதான் உடல் ஒளி மங்கிச் சாம்பல் பூத்ததுபோலாகின்றது. கண்கள் பால் கலந்த நீலநிறம் கொள்கின்றன. சில நாள்களிற் கண் மீண்டும் தெளிகின்றது. புதிதாகப் பாம்பு வளர்ப்போர் பலர் இத்தெளிவைக் கண்டு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். உண்மையில் முடிவு இனித்தான் வரவேண்டும். கண் தெளிந்த பின்னர் மேலும் சில நாள்கள் கழித்தே பாம்பு உதட்டோரத்தைக் கல்லிலோ மரத்திலோ உரைஞ்சி, சட்டையைப் பின்னோக்கிப் புரட்டி, காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியாகுமாறு விட்டு நீங்குகின்றது.

இச்செயல் முழுவதும் ஈரத்தை நம்பி நடைபெறுகின்றது. பாம்பின் தோலில் நீர் வெளியேறாமல் தடுப்பவை மேற்றோலிலுள்ள இலிப்பிட்டுகளே என்பதை ரொபேட்ஸ், லிலிவைற் ஆகிய இருவரும் 1980ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். பழைய தடை தளர்ந்து புதியது முற்றாத அந்நாள்களில் உடல் வழமையிலும் கூடுதலான நீரை இழக்கின்றது. சுற்றியுள்ள காற்றும் வறண்டிருப்பின் இடையேயுள்ள திரவம் உலர்ந்து, பிரிய வேண்டிய படைகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று பந்து மலைப்பாம்பு. அச்சம் நேர்ந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. செனகல் முதல் உகண்டா வரை பரந்துள்ள புல்வெளி நாடுகளே இதன் தாயகம். பெனின் நாட்டின் வீடா நகரில் இதற்கெனக் கோயிலொன்று உண்டு. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்தே இவ்விலங்கு பல்லாண்டுகளாகப் பெருந்தொகையில் ஏற்றுமதியாகியும் வந்துள்ளது. ஒரு நிலப்பகுதி ஒரே உயிரைத் தெய்வமாகவும் சரக்காகவும் கொள்வது வியப்புக்குரியதே. இப்பாம்பு பகற்பொழுதைக் கொறிணிகள் தோண்டிய வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கின்றது. வெளியே வரட்சி நிலவினும் வளையினுள்ளே மண்ணின் ஈரம் அடைபட்டு நிற்கும். ஆபிரிக்கப் புல்வெளி வறண்டது, ஆதலால் இதற்கு வறண்ட பெட்டியே ஏற்றது என்று கருதுவோர், அவ்வளையைக் கணக்கில் எடுக்கத் தவறிவிடுகின்றனர்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் மாணவர் ஒருவர் இத்தகைய பாம்பொன்றை வளர்த்து வந்தார். ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள, சாதுவான பாம்பு. கோடை முழுவதும் அது சட்டையைக் குறையின்றிக் கழற்றியது. சனவரி மாதத்திலோ சட்டை கந்தலாக வந்தது. முதுகிற் பட்டை பட்டையாகவும், வால்நுனியில் மோதிரம்போலவும், இடக்கண்ணில் மங்கிய படலமாகவும் பழைய தோல் எஞ்சி நின்றது. அவர் முதுகிலிருந்த துண்டொன்றை விரலாற் பற்றி இழுத்தார். அது வந்தது, அதனோடு முற்றாத புதிய தோலும் சிறிது கிழிந்து, இரத்தம் துளிர்த்தது. மறுநாளே பாம்பை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார். வைத்தியர் முதலில் வினவியது பாம்பைப் பற்றியன்று. அறையின் ஈரப்பதன் எவ்வளவு என்று கேட்டார். மாணவரிடம் வெப்பமானி இருந்தது, ஈரமானி இருக்கவில்லை.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்வோர்க்கு இக்கேள்வியின் கனம் எளிதிற் புலப்படாது. 0 பாகை செல்சியசிலுள்ள காற்று, ஒரு கனமீற்றருக்குக் கூடியபட்சம் ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே தாங்கும். அக்காற்று வீட்டினுள் புகுந்து 22 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 19 கிராமைத் தாங்கவல்லதாகின்றது. ஆயின் அதிலுள்ளதோ அதே 5 கிராம். எனவே சாரீரப்பதன் கால் பங்களவிற்கு வீழ்கின்றது. பாம்பின் பெட்டியில் மின்குமிழின் கீழே 32 பாகை நிலவுமாயின் அங்கு தாங்குதிறன் 34 கிராமளவு. ஈரப்பதன் ஏழில் ஒரு பங்காகிவிடும். பாம்புக்குக் குளிருமே என்று மாணவர் பெட்டியைச் சூடேற்றச் சூடேற்றக் காற்று மேலும் வறண்டது. அன்பினாற் செய்த செயலே ஈரத்தை உறிஞ்சிற்று. கம்பிவலையாலான மூடி எஞ்சியிருந்த சிறிதளவு ஈரத்தையும் வெளியே விட்டது.

ஆகவே சிகிச்சை பெட்டியிலிருந்தே தொடங்கிற்று. வலைமூடியின் பெரும்பகுதி மறைக்கப்பட்டுக் காற்றோட்டத்திற்குச் சிறிதிடம் விடப்பட்டது. அடியில் விரித்திருந்த பழைய கடதாசி நீக்கப்பட்டுத் தேங்காய் மட்டையின் தும்புத்தூள் பரப்பப்பட்டது. இத்தூள் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் பொருள்; எம்மவர் மட்டை ஊறவைத்துக் கயிறு திரிப்பதில் எஞ்சுவது, பனி பெய்யும் நாட்டிற் பாம்புக்குப் படுக்கையாகின்றது. பாம்பு முழு உடலையும் நுழைக்கக்கூடிய மூடிய பாத்திரமொன்றில் வாயில் வெட்டி, பிழிந்த ஈரப்பாசி இட்டு வைக்கப்பட்டது. உண்மையில் அது வளையின் பிரதி. இவ்வாறு ஈரப்பதன் 60 முதல் 70 வீதம் வரை உயர்ந்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. காற்றோட்டமின்றி எந்நேரமும் நனைந்து கிடக்கும் பெட்டியிற் பாம்பின் வயிற்றுச் செதில்களிற் கொப்புளம் எழும். நோய்க்கிருமிகள் அவ்வழியே புகும். ஈரம் வேண்டும், சேறு ஆகாது.

எஞ்சியிருந்த தோலை நீக்கும் முறையும் இழுப்பதன்று. காற்றுத் துளைகளுள்ள மூடிய பாத்திரத்தில், பாம்பின் உடற்பருமனுக்கு மேற்படாத ஆழத்தில், ஏறத்தாழ 30 பாகை வெதுவெதுப்பான நீரிட்டு, அதனுள் 20 முதல் 30 நிமிடம் வரை பாம்பை விடுதல் வேண்டும். அந்நேரம் முழுவதும் ஒருவர் அருகிலிருத்தல் அவசியம். நீர் ஆறினால் பாம்பு குளிரும். ஆழம் மிகுந்தால் களைத்து மூழ்கவும் கூடும். பின்னர் நனைத்த துவாயொன்றைக் கையிற் தளர்வாகப் பிடித்து, அதனூடே பாம்பைத் தன் போக்கில் ஊர்ந்து செல்ல விடவேண்டும். துவாயின் சொரசொரப்பு கல்லின் வேலையைச் செய்கின்றது. இங்கே மனிதன் கழற்றுவதில்லை. பாம்பு கழற்றுவதற்கு உரைஞ்சிடமாகிக் கை நிற்கின்றது. முதுகிலிருந்த பட்டைகள் முதல் நாளே வந்துவிட்டன. வால்நுனி வளையத்திற்கு மேலும் மூன்று நாள்கள் தேவைப்பட்டன. அதனைப் பொருட்படுத்தாது விடுவதற்கில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்கள் சேர்ந்து இறுகினால் இரத்தோட்டம் தடைப்பட்டு வால்நுனி கருகி இற்றுவிடும்.

கண் வேறு. பாம்புக்கு அசையும் இமைகள் இல்லை. முளையப் பருவத்தில் இமைகள் ஒன்றிணைந்து ஒளிபுகும் செதிலாகிக் கண்ணை மூடிவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் சட்டையோடு அச்செதிலின் மேற்படையும் கழல வேண்டும். கழலாதபோது அதனைச் சாவணத்தாலோ நகத்தாலோ பெயர்க்க முனைவோர் உளர். பழைய படலத்தோடு கீழேயுள்ள புதிய செதிலும் கிழிந்துவிடின் விழிவெண்படலம் காப்பின்றி வறண்டு, கண்ணே அழிந்துபோகலாம். சில வேளைகளில் அங்கு பழைய படலமே இராது. செதிலிலுள்ள சுருக்கமோ வடுவோ படலம்போலத் தோற்றமளிக்கும். அத்தகைய கண்ணில் இல்லாததைத் தேடி இழுப்பவர் உள்ளதை இழக்கச் செய்கின்றார். வைத்தியரிடம் மாணவர் இடக்கண்ணைச் சுட்டி, அதனை அன்றே எடுத்துவிடுமாறு வேண்டினார். வைத்தியர் உருப்பெருக்கியினூடே நோக்கிவிட்டு, அடுத்த சுழற்சி வரை பொறுக்கலாம் என்றார். அப்போதும் நீங்காவிடின் மசகிட்டு மென்மையாக்கித் தாமே எடுப்பதாகவும் கூறினார். பணம் கொடுத்து வந்தவருக்கு, ஒன்றும் செய்யாதிருப்பதே மருத்துவம் என்பதை ஏற்பது எளிதன்று.

சூழல் சீராகிய பின்னரும் சட்டை தொடர்ந்து கிழிந்து வருமாயின் காரணத்தைப் பாம்பின் உடலில் தேட வேண்டும். செதிலிடுக்கில் ஒளிந்து இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகள், பழைய காயங்களின் தழும்பு, போசாக்குக் குறைவு, உள்நோய் ஆகிய எதுவும் காரணமாகலாம். உடல் மங்கியுள்ள நாள்களிற் பார்வை குன்றியிருப்பதால் பாம்பு எளிதிற் சினக்கும். இரையையும் பெரும்பாலும் மறுக்கும். அதனைக் கையாளாது விடுவதே நன்று.

மார்ச் மாத முற்பகுதியில் அம்மாணவரது பாம்பு மீண்டும் மங்கிற்று. அவர் ஈரமானியை நாளுக்கு நான்கு முறை பார்த்தார்; பெட்டியைத் திறக்கவில்லை. பதினோராம் நாட்காலையிற் பாசிப் பாத்திரத்தின் வாயிலருகே ஈரம் உலராத சட்டை கிடந்தது. செதில்களுக்கிடையேயுள்ள மடிப்புகளும் விரிந்துவிடுவதால் அது பாம்பினும் நீளமாயிருந்தது. அதனை மேசைமீது விரித்து, முதலில் வால்நுனியைப் பார்த்தார், கூராக முழுமையாயிருந்தது. பின்னர் தலைப்பகுதியை விளக்கருகே பிடித்துக் கண்மூடிகளை எண்ணினார். வலப்புறத்தில் ஒன்று. இடப்புறத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியபடி, இரண்டு.