காற்றுக்குக் காத்திருக்கும் கரை

அக்டோபர் 29, 2024, செவ்வாய்

ஜப்பானின் அகிதாவிலிருந்து காலையிலேயே 'ரிசார்ட் ஷிராகாமி' ரயிலில் கிளம்பியாயிற்று. ஹிகாஷி-நோஷிரோவில் வண்டி முன்பின் மாறி ஓடும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் எல்லாரும் எழுந்து இருக்கைகளைத் திருப்பிப் போட்டபோது நான் பதறவில்லை. அடுத்து வந்த நோஷிரோவில் நடைமேடையிலேயே கூடைப்பந்து வளையம் நிற்கிறது. அந்த ஊர்த் தொழிற்பள்ளி கூடைப்பந்தில் பேர் வாங்கியதாம். பயணிகள் இறங்கி ஆளுக்கு ஒரு பந்து எறியலாம். கோட்டும் டையுமாக ஒருவர் வெகு தீவிரமாகக் குறிபார்த்து எறிந்தார். பந்து வளையத்தின் பக்கமே போகவில்லை. பெட்டி முழுக்கக் கை தட்டியது.

அதற்குப் பிறகு கடல். இந்தக் கோனோ ரயில் பாதை மொத்தம் 147 கிலோமீட்டர், 1936ல்தான் முழுவதும் திறந்தார்கள். தண்டவாளம் அலையை ஒட்டியே போவதைப் பயணிகளுக்குக் காட்சி காட்டும் ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால் வேறு வழியில்லை. ஒரு பக்கம் ஷிராகாமி மலை இறங்கி வந்து கடலில் காலை நனைக்கிறது. நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில்தான் ரயில், சாலை, வீடு எல்லாம்.

வெஸ்பா த்சுபாகியாமா நிலையத்துக்கு விடுதி வண்டி வந்தது. ஃபுரோஃபுஷி வெந்நீர் ஊற்று விடுதி ஆவோமோரி மாநிலத்தின் மேற்குக் கரையில், கோகானேசாக்கி முனையில் இருக்கிறது. பக்கத்தில் கடை கிடையாது, தெரு கிடையாது. அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் படித்தது கதவுக்குப் பின்னால் இருந்த அவசர வெளியேற்ற வரைபடம். எங்கள் ஊர் நாகப்பட்டினம். கடலோரம் தங்கினால் மேடு எந்தப் பக்கம் என்று பார்ப்பது 2004 சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம். இந்தக் கடலுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு: 1983 மே 26, நண்பகல். நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த சுனாமி இந்த மேற்குக் கரையில் நூறு பேரைக் கொண்டுபோனது.

சாயங்காலம் குளியல். நேரே கடலோரத் தொட்டிக்குப் போய்விட முடியாது. அங்கே சோப்புப் போட இடமில்லை. முதலில் கட்டடத்துக்குள் இருக்கும் குளியல் அறையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கை முக்காலியிலேயே விட்டுவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். ஒரு நூல்கூட உடம்பில் கூடாது. வளர்ந்த பிறகு மகள் என் எதிரில் உடை மாற்றியதே இல்லை. அவளும் நானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெகுநேரம் தேய்த்துக்கொண்டோம். பக்கத்தில் எண்பதைத் தொட்ட ஒரு பாட்டி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கூச்சம் தெளிந்தது.

பிறகு யுகாதா அங்கியைச் சுற்றிக்கொண்டு பாறைகளுக்கு இறங்கினோம். சுரைக்காய் வடிவில் இருபாலருக்குமான தொட்டி ஒன்று. தடுப்புக்குப் பின்னால் பெண்களுக்கு மட்டும் ஒன்று. நாங்கள் தடுப்புக்குப் பின்னால் போனோம். தண்ணீர் செங்கல் பொடி கரைத்த நிறம். கை முக்கினால் விரல் தெரியவில்லை. ஊற்றிலிருந்து ஐம்பது டிகிரிக்கு மேல் கொதியாக, தெளிவாகத்தான் வருகிறது. அதில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிவிடுகிறது. உதட்டில் பட்ட துளி கடல்நீரைப் போல் கரித்தது. தொட்டி விளிம்புக்கு அந்தப் பக்கம் பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் நேராக அலை. நாலரை மணிக்கெல்லாம் சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. பகலில் வந்து குளித்துப் போகிறவர்களை நான்கு மணிக்கே அனுப்பிவிடுவதால் தங்குகிறவர்களுக்கு மட்டுமே இந்த அரைமணி.

உடை மாற்றும் அறையில் நீரின் ஆய்வுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. 1948ல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டத்தின்படி, ஊற்றில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட பத்தொன்பது பொருள்களில் ஏதாவது ஒன்று போதுமான அளவு இருக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்கிறது என்பதைக் குளிப்பவர் கண்ணில் படும்படி எழுதி மாட்டவும் வேண்டும். எந்தெந்த நோவுக்கு நல்லது என்றும் வரிசையாக எழுதியிருக்கிறது. மகள் படித்துச் சொன்னாள். மூட்டு வலி வந்ததும் "போதும்டி, நிறுத்து" என்றேன்.

அக்டோபர் 30, புதன்

கடலோரத் தொட்டி மூடியாயிற்று. வாசலில் ஒரு பலகை, அவ்வளவுதான். மன்னிப்பு ஒரு வரி, காரணம் ஒரு வரி: பலத்த காற்று. தோக்கியோவிலிருந்து இந்தத் தொட்டிக்காகவே வந்த ஓர் இளம் தம்பதி, மத்தியானமாவது திறப்பீர்களா என்று வரவேற்பில் கேட்டார்கள். அங்கிருந்த அம்மாள் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினார். அலை பாறையைத் தாண்டி, நேற்று நாங்கள் உட்கார்ந்திருந்த தொட்டிக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஃபுகாவுரா ஊருக்குப் போனோம். ரயில் நாளுக்குச் சில தடவைதான், அதனால் போகும் நேரமும் தெரியும், வரவேண்டிய நேரமும் தெரியும். ஒசாகாவுக்கும் ஹொக்காய்தோவுக்கும் நடுவே சரக்கு ஏற்றிப்போன கிதாமாயேபுனே பாய்மரக் கப்பல்கள், நல்ல காற்று வரும்வரை நங்கூரமிட்டு நின்ற துறை இது. தெற்கிலிருந்து அரிசி, உப்பு, மது. வடக்கிலிருந்து ஹெர்ரிங் மீனும் கொம்பு கடற்பாசியும். ஒரு கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருப்பு என்று யாருக்குத் தெரியும்? காற்று வந்தால் கிளம்புவார்கள். ஊரே அந்தக் காத்திருப்பில் பிழைத்திருக்கிறது.

எங்காகுஜி கோயில்தான் நான் பார்க்க நினைத்தது. கப்பல்காரர்கள் நேர்ந்துகொண்டு கொடுத்த கப்பல் ஓவியப் பலகைகள் நிறைய இருக்கின்றன. அவற்றோடு வேறு சில பலகைகளும் உண்டு. அவற்றில் ஓவியம் இல்லை, ஒட்டியிருப்பது தலைமயிர். நடுக்கடலில் புயலில் சிக்கியபோது மாலுமிகள் தங்கள் குடுமியை அறுத்து, பிழைத்தால் உனக்கே என்று வேண்டிக்கொண்டார்கள். பிழைத்தவர்கள் கரை சேர்ந்ததும் அந்தக் குடுமியைப் பலகையில் பதித்து இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். பழனியில் மொட்டை போட்டுக் கொடுக்கும் முடி கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். இங்கே ஒவ்வொரு குடுமியும் தனித்தனியாக, அதே நபரின் மயிராகவே இத்தனை காலம் இருக்கிறது. நரையும் கருப்புமாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிழைக்காதவர்களின் பலகை எங்கேயும் இருக்காது என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

எழுத்தாளர் ஒசாமு தசாய் தங்கிய சத்திரமும் இங்கேதான், இப்போது நினைவகம். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் ஃபுகாவுரா மாகுரோ. இந்த ஊர்த் துறைதான் சூரை மீனுக்கு ஆவோமோரியில் முதலிடம். பேர் என்னவோ ஓமா துறைக்குத்தான். பச்சையாகத் தின்னத் தயங்கிய மகளுக்கு இங்கே வந்த பிறகுதான் துணிச்சல் வந்தது என்கிறாள். நான் சுட்ட சங்கு மீனில் நின்றுகொண்டேன். உள்ளே சுருண்டிருக்கும் கசப்பான வால்பகுதியையும் விடாமல் தின்னவேண்டும் என்று பரிமாறியவர் குச்சியால் திருகி எடுத்துக் காட்டினார். கசந்தது. நன்றாகவும் இருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியுமுன் எழுந்து பலகையைப் பார்த்தேன்: இன்னும் மூடியே. உள்ளே இருக்கும் தொட்டியில் தனியாகக் குளித்தேன். ஏழரை மணிக்கு அக்கா கூப்பிட்டாள். ஊரில் அப்போது விடிகாலை நாலு, பின்னால் வெடிச் சத்தம்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சுக்கா. வெந்நீர் ஊத்துல."

"தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

"இங்க எண்ணெயோட தொட்டில இறங்கினா வெளிய தூக்கிப் போட்டுடுவாங்க."

"எண்ணெய் வைக்காம என்னடி கங்கா ஸ்நானம்!" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லுமுன் யாருக்கோ இட்லித் தட்டை எடுக்கச் சொன்னாள்.

பத்து மணி வாக்கில் ரப்பர் பூட்ஸ் போட்ட பணியாளர் ஒருவர் கீழே இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் தொட்டியைத் தொடவே இல்லை. பாறை மேல் நின்று கடலையே பார்த்தார். சிகரெட் பிடிக்கும் நேரம் அளவுக்கு. பிறகு வந்து, தொட்டிக்குள் அலை கொண்டுவந்து போட்ட பாசியையும் குப்பையையும் அள்ளத் தொடங்கினார். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று மகள் கேட்டுச் சொன்னாள். அலையின் உயரம் முக்கியமில்லையாம், இரண்டு பெரிய அலைக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்பதுதானாம். பதிலை முடித்துவிட்டுத் திரும்பவும் கடலைப் பார்த்தார். விருந்தினர் எல்லாரும் தொட்டியையே பார்க்கிறோம். இந்த விடுதியில் வேலை செய்கிறவர்கள் தொட்டிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறார்கள். விளம்பரப் படங்களில் எத்தனை அழகாக எடுத்தாலும் அந்தப் பார்வை மட்டும் வருவதில்லை.

பதினொன்றுக்குத் திறந்தார்கள். தோக்கியோ தம்பதி முதல் ரயிலுக்கே போய்விட்டார்கள். நான் மத்தியானம் ஒருமுறை, மாலை ஒருமுறை இறங்கினேன். உப்பு தோலில் படிந்து சூட்டை வெளியே விடாததால் ஏறி வந்து வெகுநேரம் ஆகியும் உள்ளங்கால்வரை கதகதவென்று இருக்கிறது. துண்டு மட்டும் காவியாகிவிட்டது. மகள் அதைப் பார்த்து, சாமியார் ஆகிவிட்டாயா என்கிறாள்.

நவம்பர் 1, வெள்ளி

முற்பகல் ரயிலில் வடக்கே. செஞ்சோஜிகியில் வண்டி கால் மணி நேரம் நிற்கிறது, இறங்கிப் பாறைமேல் நடந்துவிட்டு வரலாம். தட்டையான, அகன்ற பாறைத் தளம். 1792ல் வந்த நிலநடுக்கத்தில் கடலடியிலிருந்து மேலே வந்தது. செவ்வாயன்று ரயிலிலிருந்து பெயர்ப்பலகை மட்டும் பார்த்த ஜூனிகோ ஏரிகளும் 1704ல் வந்த நடுக்கத்தில் மலை சரிந்து பிறந்தவை. இந்தக் கரையில் நாம் அழகு என்று படமெடுப்பதில் பாதி, எவரோ ஒரு தலைமுறை வீட்டைவிட்டு ஓடிய நாளில் உண்டானது. ரயில் ஊதியதும் தூரம் போன கூட்டம் திரும்ப ஓடிவந்தது. ஓடியவர்களில் நானும் உண்டு. முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அஜிகசாவாவுக்கு அப்பால் முதல் பெட்டியில் த்சுகாரு ஷாமிசென் வாசித்தார்கள். மூன்றே தந்தி, ஆனால் தட்டுகிற வேகத்தில் மத்தளமும் சேர்ந்து கேட்கிறது. மகளுக்குப் பிடித்தது. எனக்கு, ரயில் சத்தத்தோடு அது சண்டை போட்டதுதான் பிடித்தது.

ஹிரோசாக்கியில் விடுதி மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது. இரண்டாம் மாடியிலேயே முட்டி பழையபடி கத்திவிட்டது. சான்றிதழில் படிக்கட்டைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை என்று மகள் சொன்னாள்.