அணியின் காவலாள்

கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எழுதத் தொடங்கினோம். ஆயினும், சில காலமாக நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் செய்தி ஒன்று வேறெதனையும் எழுத விடவில்லை. அது விளையாட்டைப் பற்றியது. அதிலும், எம் மாணவர் பலர் நேரிற் கண்டிராத பனித்தள ஹொக்கியைப் பற்றியது. தமிழாசிரியனுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன தொடர்பு எனப் பழைய மாணவர் நகைக்கலாம். இறுதிவரை படித்தபின் நகைப்பாராக.

2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், கனடாவில் வாழும் எம் தமையனாரைக் காண ரொறன்ரோ நகருக்குச் சென்றிருந்தோம். வெளியே தலைகாட்ட முடியாத குளிர். ஆதலால், மாலைப்பொழுதெல்லாம் தமையனாரின் மகனோடு தொலைக்காட்சியின் முன்னேயே கழிந்தது. அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஹொக்கி என்றால் உயிர். ஓரணியில் அறுவர், காலிற் சறுக்கணி பூட்டி, வழுக்குந் தளத்தில் மின்னலென விரைந்து, சிறு வட்டொன்றை வலைக்குள் அடிக்கும் ஆட்டம் அது. யாமும் வியந்து பார்த்திருந்தோம்.

திடீரென இரு வீரர் தம் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவரையொருவர் முகத்திற் குத்தத் தொடங்கினர். நடுவர் விலக்குவார் என எதிர்பார்த்தோம். நடுவரோ ஒருவர் கீழே விழும்வரை அருகே நின்று பார்த்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. பின்னர் இருவரும் 5 நிமிடத் தண்டனை பெற்றுத் தனிக்கூண்டிற் சென்று அமர்ந்தனர்.

“இவன் எப்போது கோல் அடிப்பான்?” என வினவினோம்.

“சித்தப்பா, அவர் கோல் அடிக்க வந்தவர் இல்லை. அடிபட வந்தவர்” என்றான் பதினைந்து வயதுப் பையன்.

அந்த விடை எம்மைச் சுட்டது. மறுநாளே அயலிலுள்ள நூலகத்திற்குச் சென்று, அத்தகைய வீரர்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தோம்.

வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கியில் இவ்வாறான வீரனை ‘என்போர்சர்’ என்பர். அணியின் காவலாள் என யாம் அதனைத் தமிழ்ப்படுத்துவோம். தன் அணியின் சிறந்த ஆட்டக்காரனை எதிரணியினர் முரட்டுத்தனமாக மோதினால், மோதியவனைத் தண்டிப்பது இவன் கடமை. புகழ்பெற்ற வேய்ன் கிரெட்ஸ்கி எட்மன்ரன் அணியில் ஆடியபோது, டேவ் செமென்கோ என்பவர் அவருக்குக் காவலாக நின்றார். காவலாள் இல்லாவிடின் நல்ல ஆட்டக்காரர் மட்டையடியால் முடமாவர் என்பது இம்முறையை ஆதரிப்போர் வாதம். அவ்வாதத்தில் உண்மை சிறிதும் இல்லையென யாம் சொல்லோம். ஆனால், காவலாளுக்குக் காவல் யார் என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை.

டெரிக் பூகாட் என்பவரின் வாழ்க்கையை ஜோன் பிராஞ்ச் என்னும் பத்திரிகையாளர் நூலாக எழுதி 2014இல் வெளியிட்டார். பூகாட் 1982இல் கனடாவின் சஸ்காற்றூன் நகரிற் பிறந்தவர். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் மகன். வயதுக்கு மீறிய உயரம். சறுக்குவதில் வேகம் போதாது. பதின்ம வயதில் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே சினம் மூண்டு, எதிரணியினர் அமர்ந்திருந்த இருக்கைப் பக்கம் பாய்ந்து தாக்கினார். அங்கே வீரர் தேட வந்திருந்தோர், அவர் ஆட்டத்தையன்றி அந்தச் சினத்தையே கண்டு அவரைத் தெரிந்தெடுத்தனர். பையனும் தன் கைமுட்டியே தனக்கு வழிதிறக்கும் என்று கற்றுக்கொண்டான்.

2005இல் மினசோற்றா அணியிற் சேர்ந்து, 2010இல் நியூயோர்க் அணிக்கு மாறினார். ஆறரை அடிக்கு மேற்பட்ட அவ்வுருவத்தைக் கண்டு பூச்சாண்டி எனப் பட்டம் சூட்டினர். 277 போட்டிகளில் அவர் அடித்த கோல் 3. தண்டனைக் கூண்டில் இருந்த நேரம் 589 நிமிடம். முட்டிகள் சிதைந்தன, மூக்கு உடைந்தது, தோளும் முதுகும் நொந்தன. வலியைத் தணிக்கக் கொடுத்த மாத்திரைகளே பின்னர் அவரை அடிமை கொண்டன. 2010 டிசம்பர் 9ஆம் நாள் ஒற்றாவா நகரில் முகத்தில் வாங்கிய குத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. 2011 மே 13ஆம் நாள், மதுவும் வலிநீக்கி மாத்திரையும் கலந்த நஞ்சினால், தம் 28ஆவது வயதில் அவர் இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் முடியுமுன்னே, ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என்னும் வேறு இரு காவலாட்களும் உயிர் நீத்தனர். ஒருவருக்கு வயது 27; மற்றவருக்கு 35.

பூகாட்டின் மூளையைக் குடும்பத்தார் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கொடுத்தனர். தலையிற் பலகாலம் விழுந்த அடிகளால் உண்டாகும் மூளைச்சிதைவு நோய், அந்த இளவயதிலேயே அவரிடம் முற்றியிருந்தமை கண்டு அவர்கள் திகைத்தனர். இந்நோய் நினைவை அழிக்கும், சினத்தை மூட்டும், துயரில் ஆழ்த்தும். ஆயினும் இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தே இதனை உறுதி செய்ய முடிகிறது. 2010இல் தம் 45ஆவது வயதில் இறந்த பொப் புரோபேட் என்னும் பெயர்பெற்ற காவலாளிடமும் இதுவே காணப்பட்டது. இறந்துபோன வீரர்களை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. காவலாட்கள் தம்மையொத்த ஏனைய வீரரிலும் ஏறக்குறைய 10 ஆண்டு முன்னதாகவே இறந்திருந்தனர் என்பது அதன் முடிவு.

உடல் நோயிலும் பெரிது உள்ளத்தின் நோய். ஜோர்ஜ் லராக் என்பவர் தம் காலத்தில் யாவரும் அஞ்சிய காவலாள். தமக்குச் சண்டை பிடிப்பதே வெறுப்பு என்றும், வரப்போகும் சண்டையை நினைந்து படும் கலக்கம் பெரிதென்றும் பின்னர் அவரே வெளிப்படையாகக் கூறினார். குத்துச் சண்டை தொடங்குமுன் எதிரிக்கு நல்வாழ்த்துக் கூறிய மனிதர் அவர்! வெறுப்பு இல்லாத ஒருவனை அடிப்பதற்காக ஒருவன் நாள் முழுவதும் தன்னைத்தான் மூட்டிக்கொள்ள வேண்டும். அஞ்சுகிறேன் என்று சொன்னால் அவன் தொழில் போயிற்று.

இவற்றைப் படித்தபோது எம் கண்முன் நின்றவன் பூகாட் அல்லன். எம் மாணவன் ஒருவன்.

2013இல் யாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டு, அதன் உதைபந்தாட்ட அணிக்கும் பொறுப்பாக இருந்தோம். வன்னியிலிருந்து வந்து விடுதியிற் சேர்ந்த மாணவன் ஒருவன் ஆளிற் பெரியவன், வாய் பேசாதவன். பந்தை விரட்டும் வேகம் அவனிடம் இல்லை. அவனைப் பின்வரிசையில் நிறுத்தி, எதிரணியின் முன்வரிசை வீரனைக் காட்டி, “அவனை எழும்ப விடாதே” என்றோம். யாம் சொன்னதன் பொருள் அவனுக்கும் தெரியும், எமக்கும் தெரியும். இருவரும் தலையோடு தலை மோதினர். அவன் சிறிது நேரம் புல்லிற் கிடந்து எழுந்தான். தண்ணீர் தெளித்து மறுபடியும் ஆடவிட்டோம். வென்றோம். அவனைத் தோளிற் தூக்கி மைதானத்தைச் சுற்றி வந்தோம்.

அடுத்த வாரம் வகுப்பில் அவனை எழுப்பி, முன்னரே மனனம் செய்த பாடலொன்றைச் சொல்லச் சொன்னோம். அவனுக்குச் சொல் வரவில்லை. “உன் தலைக்குள்ளும் களிமண்ணோ?” என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான்.

கனடாவிலிருந்து திரும்பியபின் அவனைத் தேடிக் கண்டுபிடித்தோம். இப்பொழுது கமம் செய்கிறான்; நலமாக இருக்கிறான். பழைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னான்:

“மட்சுக்கு முதல்நாள் ராவு எனக்கு நித்திரையே வராது சேர். அண்டைக்கு நீங்கள் என்னைத் தோளிலை தூக்கினீங்கள். அதுக்குப் பிறகு தலை இடிக்குது எண்டு உங்களிட்டைச் சொல்ல வெக்கமாய் இருந்தது.”

தோளில் தூக்கியதே அவன் வாயை அடைத்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். தண்டித்திருந்தால் அவன் எம்மை நொந்திருப்பான். புகழ்ந்தமையால் தன்னையே நொந்துகொண்டான். பதினைந்து ஆண்டுக்கு மேலாகப் புறத்திணை கற்பிக்கிறோம். மார்பிற் பட்ட விழுப்புண்ணைப் போற்றியும், முதுகிற் பட்ட புறப்புண்ணைப் பழித்தும் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். குருதி சிந்தாமல், தழும்பும் காட்டாமல், தலைக்குள்ளே தங்கிவிடும் புண்ணை எதனுள் அடக்குவது என்று எந்த மாணவனும் எம்மைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எம்மிடம் விடை இருந்திராது.

காலம் மாறி வருகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்து இளையோர் சங்கம், 2023இல் தொடங்கிய பருவம் முதல், சண்டை பிடிப்போரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறது. தொழில்முறை ஆட்டங்களிலும் சண்டைகள் முன்னையிலும் பெரிதும் குறைந்துள்ளன. யாமும் எம் சிறிய மைதானத்தில் ஒரு விதி செய்துகொண்டோம். தலையில் அடிபட்ட மாணவன், எத்துணைப் பெரிய போட்டியாயினும், அன்று மீண்டும் ஆடான். மருத்துவர் விடை கொடுத்த பின்னரே திரும்புவான். இதனால் சென்ற ஆண்டு ஒரு போட்டியிற் தோற்றோம். பழைய மாணவர் சிலர் எம்மைக் கடிந்துகொண்டனர். இக்கட்டுரை அவர்களுக்கு எம் பணிவான விடையும் ஆகும்.

மாணவச் செல்வங்களே, அச்சத்தைச் சொல்வதும் வலியைச் சொல்வதும் கோழைத்தனம் அல்ல. எம்மிடம் வந்து சொல்லுங்கள். யாம் சிரிக்க மாட்டோம். ஆசிரியத் தோழர்களே, எந்தப் பிள்ளையை முன்னே நிறுத்தி நாம் வெல்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாடசாலையின் வெற்றிப் பலகையில், அந்த ஆண்டு கோல் அடித்தவன் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. தடுத்து நின்றவன் பெயர் இல்லை. அவன் விரும்பாமையால் யாமும் இங்கே அதனை எழுதவில்லை. அவன் கமத்திற்கு மழை தவறாது பெய்க. எம் கல்லூரி நீடு வாழ்க.